உபதேசம் போதும், எட்டு மணி நேரத்தைக் கொடுங்கள்

'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையாது, ஒரு சொல் தாங்காது' என்ற பேச்சைக் கல்யாணப் பந்தியிலும் கேட்கிறோம், கல்லூரி விழா மேடையிலும் கேட்கிறோம். காலை ஆறு மணிக்குப் புதுச்சேரி தவளக்குப்பம் நான்குமுனைச் சந்திப்பில் நின்று பார்த்தவர்கள் இதை அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட மாட்டார்கள். சாப்பாட்டுப் பையோடு கம்பெனி வேனுக்குக் காத்திருக்கும் பெண்களும், இரவு ஷிப்ட் முடிந்து தூக்கக் கண்ணோடு இறங்கும் பையன்களும் இருபதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆனவர்கள். பலர் டிப்ளமோவோ டிகிரியோ முடித்தவர்கள். உழைக்க மறுப்பவர்கள் அந்த நேரத்தில் அங்கே நிற்க வேண்டிய அவசியமில்லை.

பக்குவத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் சந்திப்பிலிருந்து கிழக்கே திரும்பி நல்லவாடு வரை போனால் போதும். 2004 டிசம்பர் 26 காலையில் அந்த மீனவ ஊரைக் காப்பாற்றியது சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவரின் போன். சுனாமிச் செய்தியைக் கேட்டதும் வீட்டை அழைத்து, ஊரை விட்டு எல்லோரும் வெளியேறுங்கள் என்றார். ஊர்க்காரர்கள் அறிவு மையத்துக்கு ஓடி, ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின; மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் பிழைத்தார்கள்.

அந்த இளைஞரின் சமயோசிதத்தை இன்றும் புகழ்கிறோம். புகழ வேண்டியதுதான். ஆனால் அந்த ஒலிபெருக்கி அன்று காலையில் முளைத்ததல்ல. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. அலையின் உயரம் என்ன, இன்று கடலுக்குப் போகலாமா என்று அவை மீனவர்களுக்குத் தினமும் அறிவித்து வந்தன. ஊருக்கு அந்தக் குரல் பழகியிருந்தது. அதனால்தான் ஒருவரின் துணிச்சல் ஓர் ஊருக்கே உதவியது. தனி மனிதனின் நெஞ்சுரத்தைப் பற்றி மட்டும் பேசுகிறவர்கள் அதைத் தாங்கி நின்ற ஏற்பாட்டை மறந்துவிடுகிறார்கள்.

முந்தைய தலைமுறையின் கதையும் இதுவே. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் பன்னிரண்டு பேர் மாண்டார்கள். அந்தப் போராட்டத்துக்குத் தலைமை ஏற்ற வ. சுப்பையாவுக்கு அப்போது வயது இருபத்தைந்து. மறு ஆண்டே, 1937இல், எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. அன்றைய இளைஞர்களின் உரம் என்று நாம் கொண்டாடுவது சங்கமாகச் சேர்ந்து நின்றதால் வந்த உரம். அவர்கள் வாங்கிக் கொடுத்த எட்டு மணி நேரத்தில்தான் அடுத்த தலைமுறை பிள்ளைகளைப் படிக்க வைத்தது, வீடு கட்டியது, மாலையில் ஊர்க் காரியம் பார்த்தது.

அதே மண்ணில் இன்று கான்ட்ராக்ட் பையனிடம் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்குவது சகஜமாகிவிட்டது. அடுத்த ஷிப்டுக்கு ஆள் வரவில்லையென்றால் அவனேதான் தொடர வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை 'பிரேக்' கொடுத்து நிறுத்தி, புதிதாகச் சேர்ந்தவன்போல் மறுபடி எடுப்பார்கள். பி.எஃப். பிடித்தார்களா, கட்டினார்களா என்பது அவனுக்கே தெரியாது. கையில் ஒரு காகிதம்கூட இல்லாத அவன் வேறிடம் தேடிப் போனால், நிலைத்து நிற்கத் தெரியாதவன் என்று பெயர் சூட்டுகிறோம்.

பெரியவர்களின் கவலையில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. விடிய விடிய போன் பார்ப்பதும், சம்பள நாளில் சாராயக்கடைக்குப் போவதும் உண்மைதான். ஆனால் மது வருவாயை நம்பிப் பட்ஜெட் போடும் அரசுக்கு இளைஞர்களின் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேச என்ன தகுதி இருக்கிறது?

கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் அதை எடுத்துவிடவில்லை. ஒவ்வொரு தொழிலாளிக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. ஆகவே புதிய சலுகை எதையும் கேட்கவில்லை. புதுச்சேரி தொழிலாளர் துறை கிருமாம்பாக்கத்திலிருந்து சேதராப்பட்டு வரை ஒவ்வொரு தொழிற்சாலையிலும் கான்ட்ராக்ட் ஆட்களின் வருகைப் பதிவேட்டையும் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கட்டும். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகாமல், இரவு ஷிப்டில் போகட்டும். நியமனக் கடிதம் தராத ஒப்பந்ததாரரின் உரிமத்தை ரத்து செய்யட்டும். பைக்கில் சாப்பாடு சுமக்கும் பிள்ளைகளுக்கு, ராஜஸ்தான் 2023இல் செய்ததுபோல், தனிச் சட்டத்தையும் நல வாரியத்தையும் வரும் சட்டமன்றக் கூட்டத்திலேயே அரசு கொண்டுவரட்டும்.