களஞ்சியம் புகும் நூலுக்குப் பாயிரம் வேண்டாவா?

‘தமிழ் வெல்க’ எனச் சுவரில் எழுதுதல் எளிது. அத் தமிழை அச்சேற்றும் கருவியைச் செய்து, முன்பின் அறியாத ஒருவரும் எடுத்தாளுமாறு ஒழுங்குறக் கட்டிப் பொதுவில் வைத்தல் கடிது. நம்மவர் முன்னதற்கு முந்துகின்றனர். பின்னதற்கோ ஆள் தேடவேண்டியுள்ளது.

அமெரிக்கக் கணினியியற் பேராசிரியர் தொனால்டு கனூத்து, தம் பொத்தகத்தின் அச்சமைப்பு அழகு குன்றி வந்தமை பொறாராய், 1977இல் தொடங்கி 1978இல் வெளியிட்ட அச்சுக்கோப்பு மென்பொருளே ‘தெக்கு’. (கலை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று கொண்ட பெயராகலின், அதனை ‘டெக்சு’ என்பார் கூற்றுப் பிழை.) விலையின்றி வழங்கும் அதற்கு உலகெங்கும் உள்ளோர் துணைத்தொகுப்புகளை எழுதிச் சேர்த்து வருகின்றனர். அவற்றைக் காக்கும் பொதுக்களஞ்சியம் ‘சிடான்’. செருமனி, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் தொண்டர் சிலர் 1992இல் அமைத்து, 1993இல் உலகுக்கு அறிவித்தனர். இன்று அங்கே 6000-க்கு மேற்பட்ட தொகுப்புகள் உள. தமிழ்ச்சொல்லை வரியிறுதியில் எங்குப் பிரிப்பது என்னும் அமைப்பும் அவற்றுள் ஒன்றில் அடங்கும்.

ஆயினும் யாப்பு அலகிடவும், மூலமும் உரையும் அடுத்தடுத்து வரப் பக்கம் அமைக்கவும் நம் இளைஞர் எழுதும் நிரல்கள் நண்பர் இருவர்தம் கணினிக்கு அப்பால் செல்வதில்லை. இதன் விளைவை முன்பே ஒருமுறை பட்டோம். 1990களில் தமிழ் எழுத்துருச் செய்தோர் ஆளுக்கொரு குறியேற்றம் வகுத்தனர். 1999இல் சென்னை மாநாடு கூடித் தரம் வகுக்கவும், 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிடவும் வேண்டியதாயிற்று. இடைக்காலத்தே தட்டச்சிட்ட நூல்கள் பல இன்று திறந்தால் பொருளற்ற குறிகளாய்த் தோன்றுகின்றன. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என ஒரு தாளில் எழுதி உடன் வைத்திருப்பின் அவை இறந்திரா.

அந்த ஒரு தாளைத்தான் சிடான் முதற்கண் கேட்கிறது. ‘என்னைப் படி’ எனப் பொருள்படும் ‘ரீட்மீ’ என்னும் கோப்பு அது. இதனைப் புதுமை என்று மலைப்போர் நன்னூலைப் புரட்டுக. சிறப்புப்பாயிரம் உரைக்கவேண்டுவன எட்டு எனப் பவணந்தியார் வகுத்தார். செய்தவர் பெயர் சொல்லவேண்டும், இங்கும் அஃதே. வழி சொல்லவேண்டும், பிறர் தொகுப்பைத் திருத்திச் செய்ததாயின் முதனூல் இன்னது என்று கூறுவதே நேர்மை. எல்லை என்பது இங்கு எந்தப் பொறியில் இயங்கும், எதில் இயங்காது என்பது. யாப்பு என்பதற்கு, இன்ன நூலைக் கற்றபின் இது கற்கத்தக்கது என்னும் இயைபு என உரையாளர் பொருள் கூறுவர். இத் தொகுப்பு இயங்க முன்னரே எவ்வெத் தொகுப்புகள் இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சொல் எனக்குத் தோன்றவில்லை. பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன வெளிப்படை. ணை, லை, னை முதலியவற்றை 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தப்படி அச்சிடுமா, பழைய வடிவிலா என்பதையும் தமிழ்த்தொகுப்பு மறவாது கூறவேண்டும்.

பாயிரம் கூறாத ஒன்று உரிமம். ‘யாரும் எடுத்துக்கொள்க’ என்று வாயாற் சொன்னாற் போதாது. இன்ன உரிமம் எனப் பெயர் சுட்டி எழுதுக. உரிமம் இல்லாததைத் ‘தெக்கு இலைவு’ என்னும் பெருந்தொகுதி ஏற்காது; ஏற்காவிடின் நம் உழைப்பு பெரும்பாலார் கணினியைச் சென்றடையாது.

கட்டும் முறை அரிதன்று. தொகுப்பின் பெயரிலேயே ஒரே கோப்புறை அமைத்து அனைத்தையும் அதனுள் இட்டுச் ‘சிப்’ பொதியாக்குக. விளக்கநூலைப் பி.டி.எப். வடிவிலும் அதன் மூலத்தோடும் வைக்க. எழுத்துருக்கள் அதனுள்ளேயே பொதிந்திருத்தல் வேண்டும். இயக்கும்போது தானே தோன்றும் பதிவுக்கோப்புகளையும் துணைக்கோப்புகளையும் களைக. களத்து நெல்லைப் பதரோடு குதிரில் இடுவார் உண்டோ? கோப்புப் பெயர்கள் பிறர் தொகுப்பின் பெயரோடு மோதலாகாது. பொறி பெயரைக் கொண்டே தேடுமாதலின், ஒரே பெயரில் இரண்டிருப்பின் ஒன்று மறைந்துபோம்.

கோப்புப் பெயர்களை உரோமன் எழுத்திலேயே இடுமாறு அறிவுறுத்துகின்றனர். இதனை அடிமைத்தனம் என்று வெகுளும் அன்பர் சிலரை அறிவேன். எல்லாப் பொறியும் பிழையின்றிப் படிக்கவேண்டும் என்பதே அதன் கரணியம். உருசியரும் சீனரும் அதற்கு இசைந்தே தம் மொழித்தொகுப்புகளைச் சேர்த்துள்ளனர். பெயர் வெளிக்கதவு, உள்ளே விளக்கநூலைத் தூய தமிழில் எழுத எவரும் தடையில்லை. பொதியைத் திறந்து பார்க்கும் தொண்டர்க்குத் தமிழ் தெரியாதாகலின், ‘ரீட்மீ’யில் ஆங்கிலச் சுருக்கம் ஒன்றும் சேர்க்க.

பின்னர்த் திருத்தம் செய்தால் புதுப்பெயர் சூட்டற்க. பழைய பெயரிலேயே, பதிப்பெண்ணையும் நாளையும் மாற்றி, மாறியது இன்னது என ஒரு வரி எழுதி மீண்டும் ஏற்றுக.