புகார் என்றால் காய்ச்சல்

இரண்டு வருடத்துக்கு முன்னால், மழைக்காலத்தில் ஒரு ராத்திரி. கடையைச் சாத்துகிற நேரத்தில் ஒருவர் ஓடி வந்தார். கிரானைட் பட்டறையில் வேலை செய்கிறவர் என்பது கால்சட்டையில் அப்பியிருந்த வெள்ளைத் தூளிலேயே தெரிந்தது. தோளில் ஒரு குழந்தை. "பச்சே கோ புகார் ஹை" என்றார்.

அந்த மூச்சிரைப்பில் எனக்குப் பிடிபட்டது ஒரே சொல்தான். புகார். யார்மேல் புகார்? மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டேனா? காலாவதியான சிரப் எதுவும் போய்விட்டதா? பில் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டேன். அவர் மறுபடியும் அதையே சொன்னார், குரல் உடைந்தது. கடைசியில் குழந்தையை அப்படியே கவுண்டர்மேல் சாய்த்து நெற்றியைக் காட்டினார். தொட்டேன். கொதித்தது.

பக்கத்து ஆட்டோவைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நாலாம் நாள் அந்தக் குழந்தை அப்பா தோளில் சிரித்துக்கொண்டு வந்தது. ஆனாலும் நான் பில் புத்தகம் புரட்டிய அந்த இரண்டு நிமிடத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

நாம் சொல்கிற புகார், 'கூப்பாடு' என்ற பொருளுள்ள ஓர் உருது, ஹிந்திச் சொல்லிலிருந்து வந்தது. அவர் சொன்ன புகார் வேறு. அரபியில் ஆவியைக் குறித்த சொல், ஹிந்திக்கு வந்து காய்ச்சலாகியிருக்கிறது. அவர்கள் எழுத்தில் இரண்டும் தனித்தனி. நம் எழுத்தில் இரண்டும் ஒன்று. இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அந்த ராத்திரி தீர்மானித்தது, ஹிந்தி கற்றுக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான்.

எங்கள் மத்தூர், கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை போகிற சாலையில் இருக்கிறது. நான் சின்னப்பெண்ணாக இருந்தபோது மாங்காய் லாரியும், ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போகிற கூட்டமும்தான் இந்தப் பக்கத்துப் பரபரப்பு. இப்போது போச்சம்பள்ளியில் சிப்காட், பர்கூரில் சிப்காட், சுற்றிலும் கல் பட்டறைகள், கட்டட வேலைகள். ஓசூர் வரைக்கும் இதே கதைதான். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து லைன் வீடுகளில் தங்கியிருக்கிறார்கள். உடம்புக்கு முடியாமல் போனால் முதலில் மருந்துக்கடைக்குத்தான் வருவார்கள். வைத்தியம் சொல்வது என் வேலை இல்லை. சீட்டில் டாக்டர் எழுதியதை எடுத்துக் கொடுத்து, எப்போது, எத்தனை என்று சொல்ல வேண்டும். ஆபத்து என்று தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கு விரட்ட வேண்டும். இந்த இரண்டுக்குமே அவர்கள் சொல்வது எனக்குப் புரிந்தாக வேண்டும்.

முதலில் வாங்கியது முப்பது நாளில் ஹிந்தி கற்றுத் தருகிற வகைப் புத்தகம். தபால் ஆபீஸ் எங்கே, இந்தத் துணி என்ன விலை, ரயில் எத்தனை மணிக்கு. ஒரு மாதம் உருப்போட்டேன். கேள்வி கேட்க வந்தது. ஆனால் பதில் புரியவில்லை. "என்ன செய்கிறது?" என்று கேட்டால் வயிற்றுவலி என்று ஒரே வார்த்தையில் யார் சொல்கிறார்கள்? நேத்து ஷிஃப்ட் முடிஞ்சு வந்தேன், ரூமில் நேற்றைய குழம்பு இருந்தது, சாப்பிட்டுப் படுத்தேன், நடு ராத்திரி முழிப்பு வந்தது, அப்போ பார்த்து... என்றுதான் ஆரம்பிப்பார்கள். நாமும் அப்படித்தான் சொல்கிறோம். நோயைச் சொல்ல வருகிறவர் கதைதான் சொல்கிறார். கதை கேட்கத் தெரியாத காதுக்கு அந்தப் புத்தகத்தின் தபால் ஆபீஸ் என்ன உதவி செய்யும்?

அதனால் கதைக்குப் போனேன். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே படக்கதை தமிழிலும் இருக்கும், ஹிந்தியிலும் இருக்கும், காசு கிடையாது. நாலு படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் படியில் ஒரு பக்கத்துக்கு ஒரு வரி. அதில் ஆரம்பித்து மூன்றாம் படி வரைக்கும் ஏறினேன். பிறகு, சிறுவயதில் உயிராக இருந்த அம்புலிமாமாவின் ஹிந்திப் பதிப்பு, சந்தாமாமா. சென்னையிலிருந்து தமிழும் தெலுங்கும் 1947-இலும், ஹிந்தி 1949-இலும் வரத் தொடங்கின. ஓவியர் சங்கரின் அதே விக்கிரமாதித்தன், தோளில் அதே வேதாளம். ஹிந்தியில் அதற்குப் பேதால் என்று பெயர். கதை ஏற்கெனவே மனசில் இருந்ததால், தெரியாத சொல் வந்தாலும் படம் கையைப் பிடித்துக்கொண்டது. பத்துக் கதையை ஒருமுறை படிப்பதைவிட ஒரு கதையைப் பத்து முறை, அதுவும் வாய்விட்டுப் படிப்பதுதான் எனக்குப் பலித்தது. மத்தியானம் கடையில் ஆள் வராத நேரம் அதற்குத் தோதாக இருந்தது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். ஹிந்தியைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிக்காதீர்கள். நான் ஆறு வாரம் அப்படிப் படித்து, பிறகு எல்லாவற்றையும் திருப்பிக் கற்றேன். நம் 'க'வுக்குள் அவர்களுடைய நாலு எழுத்து அடங்கிக் கிடக்கின்றன. சாப்பாடும் கானா, பாட்டும் கானா. 'கானே கே பாத்' என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு. உச்சரிப்பு கொஞ்சம் நழுவினால் பாட்டுக்குப் பிறகு. மாத்திரை விஷயத்தில் இது இன்னும் மோசம். நாளுக்குத் தின், மூன்றுக்குத் தீன். ஒரு நாளைக்கு மூன்று வேளை என்பதற்கு 'தின் மே தீன் பார்'. இரண்டிலும் நான் ஒரே 'த' எழுதினேன், ஒரே 'த' உச்சரித்தேன். கேட்டவர் மூன்று நாளைக்கு ஒருமுறையா என்று கேட்டார். அன்றைக்கு ராத்திரியே நோட்டைக் கிழித்துப்போட்டுத் தேவநாகரி எழுத ஆரம்பித்தேன். நாற்பத்தாறு வயதில் 'க' வர்க்கத்தை நான்கு வரி நோட்டில் எழுதுவதில் ஒரு தனிச் சந்தோஷம் இருக்கிறது.

இந்த விஷயத்தில் ஓசூர்க்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் படித்தவர்களுக்கு இந்த நாலு 'க'வும் ஏற்கெனவே பழக்கம்.

இன்னொரு சொல், சக்கர். மில்லில் வேலை செய்கிற பெண் ஒருத்தி வந்து 'சக்கர் ஆ ரஹா ஹை' என்றாள். சர்க்கரை என்று எடுத்துக்கொண்டு, சுகர் மாத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன். அவள் கவுண்டரைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்தாள். சக்கர் என்றால் தலைசுற்றல். கல் என்றால் நேற்று, நாளை, இரண்டும்தான். எது என்பதை வினைச்சொல் சொல்லும். வினைச்சொல்லைக் காது தானாகப் பிடிக்க, அது நூறு முறையாவது கதைக்குள் ஓடியிருக்க வேண்டும்.

அந்த வினைச்சொற்களில்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம் காத்திருந்தது. 'இன்று போய் நாளை வா' படத்தில், 1981-இல், ஹிந்தி வாத்தியாரிடம் பாடம் படிக்கிற காட்சிக்குத் தமிழ்நாடே சிரித்தது. அதில் வருகிற 'ரஹ்தா தா' எந்தக் கதைக்கும் முதல் வரியில் வரக்கூடியதுதான். அதைச் சரியாகத் தமிழில் சொன்னால் 'வாழ்ந்து வந்தான்'. ஒரு ஊரில் ஒரு விவசாயி வாழ்ந்து வந்தான். என் பாட்டி கதையை ஆரம்பித்த அதே தொடக்கம். இன்னும் கேளுங்கள். 'ஆகர், கானா காகர், ஸோ கயா' என்றால் 'வந்து, சாப்பிட்டு, தூங்கிப்போனேன்'. தூங்கியவன் எங்கே போனான்? எங்கேயும் போகவில்லை. ஆனாலும் நாமும் 'போனேன்' என்கிறோம், அவர்களும் 'கயா' என்கிறார்கள். எனக்குப் பசிக்கிறது என்பது போலவே பசியும் தாகமும் அங்கேயும் 'எனக்கு'த்தான். நாம் டீ கீ என்றால் அவர்கள் சாய் வாய் என்கிறார்கள்.

இதைக் கனடாவில் பிறந்த ஒருவர் முன்பே எழுதியிருக்கிறார். எமனோ என்ற மொழியியலாளர், 1930-களில் நம் நீலகிரியில் தோடர்கள், கோத்தர்களோடு இருந்து அவர்கள் மொழிகளைப் பதிவு செய்தவர். வேறு வேறு குடும்பத்து மொழிகளானாலும், நூற்றாண்டுக் கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்ததால் இந்திய மொழிகள் இப்படி ஒன்றின் சாயலை ஒன்று வாங்கிக்கொண்டன என்று 1956-இல் எழுதினார். டீ கீ போன்ற இரட்டைச் சொற்களும் அவர் காட்டிய அடையாளங்களில் ஒன்று.

அதற்கு ஒரு சாட்சி என் கடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. செருப்புக்கடை பாய்க்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி பழையபேட்டை. அவர் வீட்டில் பேசுகிற தக்னி உருதுவில் வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'. நாம் வாக்கியத்துக்கு வாக்கியம் 'என்று' போடுகிற இடத்தில் அவர் 'போல்கே' போடுகிறார். சொற்கள் வடக்கு, கட்டுமானம் நம்முடையது. இறந்தகாலத்தில் வருகிற 'நே' உருபு என்னைப் பாடாய்ப் படுத்தியபோது பாய் சொன்னார்: "அத விட்டுத் தள்ளும்மா. எங்க வீட்ல யாரு அத சொல்றாங்க?" போஜ்புரியிலும் அது கிடையாது என்பது பிற்பாடு தெரிந்தது. பீகார்க்காரர்கள் ஹிந்தி பேசும்போதும் அதைப் பாதி விழுங்கிவிடுகிறார்கள். 'நான்' என்பதற்கும் அவர்கள் 'ஹம்' என்றுதான் சொல்கிறார்கள். புத்தகத்தில் அதற்கு 'நாங்கள்'. ஹம்கோ புகார் என்று ஒருவர் சொன்னதும், குடும்பத்தில் எத்தனை பேருக்கு என்று கேட்டுவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. வருகிறவர்களில் பலருக்கு ஹிந்தி தாய்மொழியே இல்லை. ஒடியாவோ சந்தாலியோ போஜ்புரியோ பேசுகிற வீட்டிலிருந்து வந்து, அவர்களும் எங்கேயோ கற்ற ஹிந்தியைத்தான் என்னிடம் பேசுகிறார்கள்.

நான் ஹிந்தி படிப்பதைப் பார்த்துவிட்டு, "அதுக்கா அந்தக் காலத்துல உயிர விட்டாங்க?" என்று உறவினர் ஒருவர் கேட்டார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஹிந்தியைக் கட்டாயப் பாடமாக்கிய ராஜாஜி எங்கள் மாவட்டத்துக்காரர், 1878-இல் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தவர். 1938-இல் 125 பள்ளிகளில் அந்த ஆணை வந்தது. எதிர்த்துச் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் இறந்தார்கள். 1940 பிப்ரவரியில் ஆணை விலக்கப்பட்டது. 1965-இல் மறுபடியும் தீ. 1968-இல் இருமொழிக் கொள்கை. பிற்காலத்தில் ராஜாஜியே ஹிந்தி மட்டும் ஆட்சிமொழியாவதை எதிர்த்தார். அந்தப் போராட்டம் நியாயமானது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரு மொழி உத்தரவாக வந்தால் எழுந்து நிற்கத்தான் வேண்டும். என் வாசலில் அது காய்ச்சலடிக்கிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தது.

ராஜாஜியை நினைக்கும்போது ஓர் ஆதங்கமும் வரும். மகாபாரதத்தை 'வியாசர் விருந்து' என்றும் ராமாயணத்தைச் 'சக்கரவர்த்தித் திருமகன்' என்றும், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிகிற மாதிரி சொன்னவர் அவர். எளிய கதைக்கு எவ்வளவு பலம் என்று அவரைவிட யாருக்குத் தெரிந்திருக்கும்? விருப்பமுள்ளவர்கள் படிக்க 1918-இலேயே காந்தி சென்னையில் ஹிந்தி பிரசார இயக்கத்தைத் தொடங்கி, மகன் தேவதாஸையே ஆசிரியராக அனுப்பியிருந்தார். அந்த இயக்கத்திலிருந்து வந்த ஹிந்தி பிரசார சபாவின் ப்ராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா தேர்வுகளை இன்றும் தமிழ்நாட்டில் ஏராளமானோர் தாமாக எழுதுகிறார்கள். எனக்குத் தேர்வு வேண்டியிருக்கவில்லை, காது வேண்டியிருந்தது.

போன தையில்தான் பிரேம்சந்தின் 'ஈத்கா'வைத் தொட்டேன். பாட்டி அமீனா கொடுத்த மூன்று பைசாவோடு ஹாமித் ஈத் திருவிழாவுக்குப் போகிறான். மற்றப் பிள்ளைகள் மிட்டாயும் பொம்மையும் வாங்க, ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல் சுடுகிறதே என்று அவன் ஒரு இடுக்கி வாங்கி வருகிறான். தமிழில் படித்துத் தெரிந்த கதைதான். இருந்தும் அகராதியோடு மூன்று வாரம் பிடித்தது. முடித்த அன்று கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். பாட்டி அழுகிற இடத்தை மொழிபெயர்க்காமலே புரிந்துகொண்டது அன்றுதான் முதல் தடவை.

கதைப் புத்தகம் ஒரு தப்பையும் கற்றுக்கொடுத்தது. குழந்தைக் கதைகளில் காக்காயும் நரியும் ஒன்றையொன்று 'தூ' என்றும் 'தும்' என்றும்தான் கூப்பிட்டுக்கொள்ளும். அதே பழக்கத்தில், என் அப்பா வயதிருக்கும் ஒரு கொத்தனாரிடம் 'தூ' என்றுவிட்டேன். முகம் சுருங்கிப்போனது. ஆப் என்பதுதான் நம் நீங்கள். மறுநாள் அவர் வந்தபோது மன்னிப்புக் கேட்டேன். "கோயி பாத் நஹீ, தீதீ" என்றார். பரவாயில்லை, அக்கா.

அவர்தான் போன செவ்வாய்க்கிழமை வந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டு கையில் இருந்தது. மாத்திரையை எடுத்து வைத்து, தின் மே தீன் பார், கானே கே பாத், என்று இரண்டு 'த'வையும் பிரித்துச் சொன்னேன். தலையாட்டினார். ஆனால் நகரவில்லை. ஊரில் மகளுக்கும் இதே மாதிரி வந்தது என்றார். நான் 'ஹூம்' என்றேன். நம் ஊரில் கதை கேட்கும்போது உம் கொட்டுவோமே, அவர்களும் அதையே ஹுங்காரீ என்கிறார்கள். மகளுக்கு வந்தபோது தான் ஊரில் இல்லை என்றார். மறுபடியும் நிறுத்தினார்.

"ஃபிர்?" என்று கேட்டேன். அப்புறம்?

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, முதலிலிருந்து ஆரம்பித்தார்.