லாரி முதுகில் ஒரு வீடு

சொந்த வீடு உள்ளவர்களுக்கு வருஷத்தில் ஒரு முறையாவது ஒரு விசித்திரமான ஆசை தோன்றுவதுண்டு. இந்த வீட்டை அப்படியே பெயர்த்தெடுத்துக்கொண்டு போய் ஏதாவது ஒரு மலையடிவாரத்தில் வைத்து, இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தால் என்ன என்று நினைப்பார்கள். நினைப்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அமெரிக்காவின் மேற்குப் பிரதேசத்து ஜனங்களோ அதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். "பிக்கப்" என்று அவர்கள் அழைக்கும் திறந்த முதுகுடைய சிறு லாரியின்மேல் ஓர் அறையைத் தூக்கி வைத்து, அதற்குள் படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள்.

புகழ்பெற்ற நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் 1960-ஆம் வருஷத்தில் இத்தகைய வண்டியொன்றில் தம் நாயைத் துணைக்கு வைத்துக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றி வந்தார். டான் க்விக்ஸோட்டின் குதிரைப் பெயரையே வண்டிக்கு இட்டு, "ரோஸினாண்டே" என்று அழைத்தார். அந்த வண்டி இன்று கலிபோர்னியாவில் ஸலினாஸ் நகரத்தில், அவர் பெயரால் விளங்கும் நிலையத்தில் காட்சிக்கு இருக்கிறது. தேவைக்கு மிக அதிகமாகச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனதாக அவரே 1962-இல் வெளியான தமது பிரயாண நூலில் ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்தச் செய்தியை நேயர்கள் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஸ்டைன்பெக்கின் அறைக்குக் கூரை அசையாத கூரை. நாம் சொல்ல வந்தது தூக்குக் கூரை அறையைப் பற்றி. பிரயாணத்தின்போது அதன் கூரை பெட்டி மூடிபோல் கீழே இறங்கியிருக்கும். உயரம் குறைவாதலால் எதிர்காற்று அதிகம் முட்டாது. பாரம் தாழ்ந்திருப்பதால் சாய்வான பாதையில் வண்டி அவ்வளவாகத் தள்ளாடாது. தங்குமிடம் சேர்ந்ததும் வெளியிலுள்ள கொக்கிகளை விடுவித்துவிட்டு, உள்ளே சென்று முன்னும் பின்னுமுள்ள மடிப்புப் பலகைகளைத் தோள் கொடுத்து உந்தினால் கூரை எழும்பும். நான்கு பக்கமும் மெழுகுசீலை போன்ற துணிச் சுவர் விரியும். குனிந்து நுழைந்த மனிதர் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் கொலராடோ ராஜ்யத்தில் கிராண்ட் ஜங்ஷன் என்னும் ஊரில் நாம் சில வாரங்கள் தங்க நேர்ந்தது. அங்கே நமக்கு நண்பரான ஓர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியரின் வீட்டுக் கொல்லையில் இவ்வகை அறை ஒன்று மரக்கட்டைகளின்மேல் கிடந்தது. அவருடைய தமையனார் 1984-இல் வாங்கியது அது. தமையனார் காலமானபின் ஒன்பது வருஷம் மழையிலும் பனியிலும் கிடந்து நிறம் மங்கிப்போயிருந்தது. அதைச் சீர்திருத்தி, தமையனார் பல முறை போய்வந்த "வொயிட் ரிம்" பாதையில் மனைவியுடன் ஒரு தடவை போய்வர வேண்டும் என்பது நண்பரின் விருப்பம். யூட்டா ராஜ்யத்தில், கான்யன்லாண்ட்ஸ் தேசீயப் பூங்காவுக்குள் சுமார் 100 மைல் சுற்றி வரும் கரடுமுரடான பாதை அது. 1950-ஆம் ஆண்டுகளில் யுரேனியம் தேடுவோருக்காக அமைக்கப்பட்டது. வழியில் குடிதண்ணீர் கிடையாது.

நண்பர் செய்த முதற் காரியம் பச்சை வர்ணம் இரண்டு டப்பா வாங்கி வந்ததுதான். அவர் மனைவியோ வர்ணத்தைத் தொடவிடவில்லை. ஒரு திருப்புளியை எடுத்து, அறையின் முன்மூலையில் மெல்ல அழுத்திப் பார்த்தார். திருப்புளி பிடிவரையில் உள்ளே போய்விட்டது! வெளியே தகடு பளபளவென்றிருக்க, உள்ளேயிருந்த மரச்சட்டம் ஊறிப்போய் உளுத்த அவல்போல் உதிர்ந்தது.

பழைய அறைகளுக்கெல்லாம் பரம சத்துரு இந்த ஒழுக்குத்தான். ஜன்னல் விளிம்பு, கூரையின் மூட்டு, புகைபோக்கியின் ஓரம் ஆகிய இடங்களில் தலைமயிர் அளவு விரிசல் இருந்தால் போதும். ஆகவே அவர்கள் ரப்பர்க் குழாயால் தண்ணீர் விட்டுச் சோதித்தார்கள். அதிலும் ஒரு முறை உண்டு. கீழிருந்து ஆரம்பித்துச் சிறிது சிறிதாக மேலே போகவேண்டும். மேலிருந்து விட்டால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழியும். குற்றவாளி எது என்று தெரியாது. பிறகு உளுத்த சட்டங்களை நீக்கிப் புதுச் சட்டம் பொருத்தினார்கள். பழைய அடைப்புப் பசையை ஒட்டுக்கூட விடாமல் சுரண்டி எடுத்துவிட்டு ப்யூடைல் ரப்பர் நாடா வைத்து ஜன்னல்களைத் திரும்ப இறுக்கினார்கள். யாரோ ஒரு காலத்தில் சிலிகோன் பசையைத் தாராளமாக அப்பியிருந்தார்கள். அதன் மிச்சத்தின்மேல் வேறெதுவும் ஒட்டாதாகையால், அதைச் சுரண்டுவதற்கே நான்கு நாள் பிடித்தது.

அடுத்தபடியாக, அடுப்புக்குப் போகும் காஸ் குழாயின் மூட்டுகளில் சோப்பு நுரையைத் தடவினார்கள். ஒரு மூட்டில் நுரை குமிழியிட்டது. ப்ரொபேன் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும். அதனால் மூட்டு மாற்றப்பட்டதோடு, தரைக்கருகே காஸ் அறிவிப்புக் கருவியும், நஞ்சுப்புகையான கார்பன் மோனாக்ஸைடைக் கண்டு கூவும் கருவியும் புதிதாக வைக்கப்பட்டன. எவ்வளவு குளிரடித்தாலும் சமையல் அடுப்பை மூட்டிக் குளிர்காய்வதில்லை என்றும் தம்பதிகள் இருவரும் தீர்மானம் செய்துகொண்டார்கள்.

இவ்வளவும் ஆனபின் எஞ்சியது எடைப் பிரச்னை. உண்மையான சங்கடம் இங்கேதான் ஏற்பட்டது.

லாரியின் கதவோரத்தில் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருந்தது. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 1,500 ராத்தலுக்கு மேற்படலாகாது என்பது அதன் வாசகம். லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் பார்த்ததில், பழுது பார்த்த அறை மாத்திரம் 1,000 ராத்தல் இருந்தது. தம்பதிகள் இருவரும் 300 ராத்தல். ஒரு காலன் தண்ணீர் ஏறக்குறைய 8⅓ ராத்தல் வீதம், 20 காலன் தொட்டி நிரம்பினால் 167 ராத்தல். ஆகக்கூடி 1,467. உணவு, போர்வை, கருவிகள், உபரிச் சக்கரம் எல்லாவற்றுக்கும் பாக்கி 33 ராத்தல்! நம்மையும் உடன் அழைத்துப்போவதாக இருந்த ஏற்பாடு அந்த 33 ராத்தலில் அடிபட்டுப் போயிற்று. இதில் நமக்கு வருத்தமிருந்தாலும் வாதாட இடமில்லை.

வில்லைப் பலமாக மாற்றிவிட்டால் அதிகம் ஏற்றலாமே என்றார் நண்பர். பக்கத்து வீட்டு மெக்கானிக் தலையை அசைத்தார். வில் கனமானால் வண்டியின் பின்புறம் தாழாமல் நிற்குமே தவிர, பிரேக்கும் அச்சும் சக்கரமும் பழையபடிதானே இருக்கின்றன? செங்குத்தான பாறைச் சரிவில் இறங்கும்போது வண்டியை நிறுத்தவேண்டியது பிரேக்தான், வில் அல்ல.

ஆகவே எதை இறக்குவது என்ற கேள்வி எழுந்தது. ஈய பாட்டரிக்குப் பதிலாக, அதில் பாதிக்கும் குறைவான எடையுள்ள லித்தியம் பாட்டரி வந்தது. ரொட்டி சுடும் அடுப்பு போயிற்று. மூன்று நாள் பிரயாணத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் வீதம் ஆறு காலனும், ஆபத்துக்கு இன்னும் ஆறு காலனும் போதும் என்று தண்ணீரை அளந்தார்கள். கடைசியில் எஞ்சி நின்றது தமையனார் தம் கையாலேயே செய்து வைத்த அலமாரி வரிசை. கெட்டியான ஓக் மரத்தில் இழைத்து இழைத்துச் செய்தது. எடை 140 ராத்தல்.

அன்று மாலை நண்பர் அறைக்குள் வெகுநேரம் தனியே உட்கார்ந்திருந்தார். அலமாரியின் உட்பக்கத்தில் தமையனார் பென்ஸிலால் எழுதி வைத்த அளவுகள் இன்னும் அழியாமல் இருந்தன. இதை எடுத்துவிட்டால் இது யாருடைய வண்டி என்று அவர் கேட்டார். மனைவி உடனே பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "அவர் அலமாரியைப் பார்க்கவா அந்தப் பாதைக்குப் போனார்?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை நண்பரே திருகாணிகளைக் கழற்றினார். அலமாரி வீட்டுக் கூடத்துக்குப் போயிற்று. அதன் ஒரு கதவுக்கு மாத்திரம் மடக்குக் கால் வைத்து, சிறு மேஜையாக்கி வண்டியில் வைத்துக்கொண்டார். அலமாரி இருந்த இடத்தில் துணிப்பைகள் தொங்கின. மறுபடி எடைமேடை ஏறியபோது, ஆட்கள், தண்ணீர், உணவு உட்பட எல்லாம் சேர்ந்து 1,390 ராத்தல் என்று காட்டிற்று.

அனுமதிச் சீட்டு பெற்றுக்கொண்டு அவர்கள் புறப்பட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் மாலை திரும்பி வந்து விவரம் சொன்னார்கள். கரட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் டயர்களில் காற்றைக் குறைத்துக்கொண்டதால் குலுக்கல் தணிந்ததாம். லாரியின் முதுகு முறுக்கிக்கொடுத்ததில், அறையைப் பிணைக்கும் இழுதிருகு ஒன்று தளர்ந்து, வழியில் இரண்டு தடவை இறுக்க வேண்டியிருந்ததாம். மர்பி ஹாக்பேக் என்னும் உச்சியில் தங்கிய இரவு இடியும் மழையும் கொட்டித் தீர்த்ததாம். நண்பர் தூங்காமல், கையில் விளக்கோடு மூலை மூலையாகத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்கவில்லை. விடிந்ததும் அந்த மேஜையை வெளியே போட்டு, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருவரும் காப்பி சாப்பிட்டார்களாம்.

அந்தப் பச்சை வர்ணம் என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். நாம் ஊருக்குக் கிளம்பும் நாள்வரையில் டப்பாக்கள் இரண்டும் திறக்கப்படாமலே கொல்லையில் இருந்தன. நாமும் வீடு திரும்பியதும் நம் பரணை ஒரு முறை அண்ணாந்து பார்த்தோம். எவ்வளவு ராத்தல் இருக்கும் என்று கணக்குப் போடத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டோம்.