நீட்டிப்பு என்னும் ஆட்சிமுறை

பெங்களூரில் குப்பை அகற்றும் ஒப்பந்தம் முடிவுறும் ஒவ்வொரு முறையும் ஒரே வாதம் முன்வைக்கப்படுகிறது: புதிய டெண்டர் முடியும்வரை பழையவர்களே தொடரட்டும், இல்லையேல் நகரம் நாறிவிடும். நடைமுறை அறிவின் தோற்றத்தில் வருவதால் இவ்வாதத்தை எவரும் மறுப்பதில்லை. நான் மறுக்கிறேன். நீட்டிப்பும் ஒரு முடிவே. அதன் ஆதாயம் எவருக்கு, சுமை எவர் தலையில் என்று கேட்கவே இப்பதிவு.

வைட்ஃபீல்டை எடுத்துக்கொள்வோம். 2007-இல் மகாதேவபுரா நகரசபையோடு சேர்ந்து பெருநகர எல்லைக்குள் வந்த பகுதி இது. 2025 செப்டம்பர் முதல் கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின்கீழ் கிழக்கு மாநகராட்சியின் பகுதி. அலுவலகப் பலகை மாறியிருக்கிறது. குப்பை வண்டியோடு ஓடுபவரின் வேலைநிலை மாறவில்லை.

இங்கே குப்பை இரு வழியாகப் பிரிகிறது. பெரிய அடுக்குமாடி வளாகங்கள் மொத்தக் கழிவு உருவாக்குவோர் என்னும் வகைப்பாட்டின்கீழ்த் தனியார் முகவர்களை அமர்த்திக்கொள்கின்றன. தனிவீடுகளும் பழைய கிராமத் தெருக்களும் மாநகராட்சி ஒப்பந்ததாரரின் ஆட்டோ டிப்பரையே நம்பியிருக்கின்றன. இவ்விரண்டுக்கும் அப்பால், துபரஹள்ளி போன்ற இடங்களின் தகரக் கொட்டகைகளில் வங்கமொழி பேசும் புலம்பெயர் தொழிலாளர்கள் இந்நகரின் குப்பையைக் கையால் தரம் பிரிக்கிறார்கள். எந்த ஒப்பந்தத்திலும் அவர்கள் ஒரு தரப்பாக இடம்பெறுவதில்லை. ஆக, இப்பகுதியில் உரத்துப் பேசும் வல்லமை படைத்தோர் மாநகராட்சி ஒப்பந்தத்தைச் சார்ந்தில்லை. சார்ந்திருப்போரின் குரலோ மன்றம் ஏறுவதில்லை. நீட்டிப்புகள் சந்தடியின்றி நிறைவேறுவதன் சமூக அடித்தளம் இதுதான்.

இனி அதன் பொருளியல். இன்னும் சில மாதங்களே என்ற நிலையில் இருக்கும் ஒப்பந்ததாரர் புதிய வண்டி வாங்க மாட்டார். அவர் நின்றுவிடுவாரோ என்று அஞ்சும் நிர்வாகம் அபராதம் விதிக்காது. கர்நாடக உயர்நீதிமன்றம் 2015-இலேயே வீடுகள் இரு தொட்டி, ஒரு பை எனக் குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஆயினும் ஏற்றி இறக்கினால் பணம் என்றிருக்கும் ஒப்பந்தத்தில், பிரித்து வாங்குவது ஒப்பந்ததாரருக்கு நேரமும் செலவுமே. பழைய ஒப்பந்தத்தை நீட்டிப்பதென்றால் அதன் பழைய பழக்கங்களையும் சேர்த்தே நீட்டிக்கிறோம்.

அதன் விலையைக் கிராமங்கள் செலுத்தின. 2012-இல் மாவள்ளிபுரா மூடப்பட்டபோது நகரம் குப்பையில் மூழ்கியது. சுமை கிழக்கே மண்டூருக்கு நகர்ந்தது. அவ்வூர் மக்கள் சாலையில் இறங்கிப் போராடிய பின்னரே 2014 டிசம்பரில் அங்குக் கொட்டுவது நின்றது. அதன் பிறகு கல்குவாரிகள். நகரின் ஒவ்வொரு தற்காலிக ஏற்பாடும் ஏதோ ஓர் ஊரின் நிரந்தரத் துன்பமாக முடிந்திருக்கிறது.

ஒப்பந்ததாரரை அகற்றினால் பணி நின்றுவிடும் என்போருக்கு இந்நகரிலேயே சான்று உண்டு. 2017-இல் தெருக்கூட்டும் பௌரகார்மிகர்கள் ஒப்பந்ததாரர் பிடியிலிருந்து விடுவிக்கப்பட்டு, மாநகராட்சியிடமே நேரடியாக ஊதியம் பெறலாயினர். தெருக்கள் கூட்டப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. மாற்றம் வலியின்றி நிகழவில்லை. 2018-இல் பலருக்கு மாதக்கணக்கில் ஊதியம் தாமதமாயிற்று. ஆனால் அப்போது யாரிடம் கேட்பது என்பதில் ஐயமில்லை. அந்தத் தெளிவே 2022 வேலைநிறுத்தத்துக்கு வலிமை தந்தது. 2025 மே முதல் நாளில் 12,692 பேருக்குப் பணிநிரந்தர ஆணை கிடைத்ததும் அதன் தொடர்ச்சியே. அதே தெருவில், அதே குப்பையோடு உழலும் வண்டி ஓட்டுநரும் உதவியாளரும் மட்டும் ஒப்பந்தத்துக்குள் விடப்பட்டனர். இப்பாகுபாட்டுக்கு நிர்வாகத்திடம் என்ன நியாயம் இருக்கிறது?

மறுபுறம், குறுகிய நீட்டிப்புகளுக்கு மாற்று நீண்டகாலப் பெரும் ஒப்பந்தமே என்கிறார்கள். 2025 மார்ச்சில் துணை முதல்வர் டி.கே. சிவகுமாரே, குப்பை ஒப்பந்ததாரர்கள் ஒன்றுசேர்ந்து வழக்கமான விலையைவிட 85 விழுக்காடு கூடுதலாகக் கேட்டதாகச் சட்டமேலவையில் குற்றஞ்சாட்டினார். சில்லறை ஒப்பந்தங்களையே கட்டுப்படுத்த இயலாத நிர்வாகம் பெரும் ஒப்பந்தத்தை எவ்வாறு கண்காணிக்கும்? சென்னையைப் பாருங்கள். 2000-இல் ஓனிக்ஸ், பின்னர் நீல் மெட்டல், ராம்கி, உர்பேசர். நிறுவனங்களின் பெயர் மாறிய கால் நூற்றாண்டின் முடிவில், 2025 ஆகஸ்டில், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் பதின்மூன்று நாள் அமர்ந்திருந்தனர். நள்ளிரவில் காவல்துறையால் அகற்றப்பட்டனர். நீண்டகால ஒப்பந்தம் நிலைத்தன்மை தரும் என்போர், எவருக்கு நிலைத்தன்மை என்பதையும் சொல்ல வேண்டும்.

என் நிலைப்பாடு இது. தவிர்க்கவே இயலாத நீட்டிப்பு எனில் அதற்கு இறுதி நாள் வேண்டும். அதை மீண்டும் நீட்டிக்க மாமன்றத்தின் வெளிப்படையான வாக்கெடுப்பு வேண்டும். வண்டித் தொழிலாளரின் ஊதியம், வைப்புநிதி, ஈட்டுறுதி செலுத்தப்பட்டதற்கான சான்றின்றி ஒப்பந்ததாரரின் பட்டியல் தொகை விடுவிக்கப்படலாகாது. ஒப்பந்ததாரர் கொடுக்காத ஊதியத்தை முதன்மை வேலையளிப்பவரே கொடுக்க வேண்டுமென 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே விதித்தது. நான் கேட்பது புதுமையன்று. அந்த இறுதி நாளுக்குள் ஓட்டுநர்களும் உதவியாளர்களும் நேரடிப் பணிக்கு மாற்றப்பட வேண்டும். கழிவு பிரிப்போரை ஏற்பாட்டின் ஒரு தரப்பாக ஏற்க வேண்டும். புனேயில் 2008 முதல் ஸ்வச் கூட்டுறவின் வழியாகக் கழிவு சேகரிக்கும் பெண்களே மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்து வீடுவீடாகச் செல்கிறார்கள்.

2025 ஏப்ரல் முதல் பெங்களூரின் ஒவ்வொரு வீடும் கட்டடப் பரப்புக்கேற்ப மாதம் 10 முதல் 400 ரூபாய் வரை குப்பைக் கட்டணம் செலுத்தக் கடமைப்பட்டுள்ளது. பணம் கொடுப்பவருக்கு ஒப்பந்தத்தைப் படிக்கும் உரிமையும் உண்டு.

இறுதியாக, நம்மைப் போன்ற ஆய்வாளர்களுக்கு. கழிவு, சாதி, நகர்மயம் குறித்துக் கருத்தரங்கக் கட்டுரைகளுக்கு நம்மிடையே குறைவில்லை. சாதி இந்நகரில் எவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது என்பதை அறிய ஒரு டெண்டர் ஆவணத்தின் பணியாளர் பிரிவைப் படித்தாலே போதும். தகவல் அறியும் சட்டத்தின்கீழ் உங்கள் வார்டின் ஒப்பந்தத்தையும் அதன் நீட்டிப்பு ஆணைகளையும் கேட்டுப் பெறுங்கள். எத்தனை முறை நீட்டிக்கப்பட்டது, ஒவ்வொரு முறையும் என்ன காரணம் எழுதப்பட்டது என்று வரிசைப்படுத்துங்கள். அடுத்த நீட்டிப்பு மாமன்றத்துக்கு வரும் நாளில் அந்தப் பட்டியல் நம் கையில் இருக்கட்டும்.