டயட்டீஷியன் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பயிற்சி போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

நம் வீடுகளில் உணவியல் படிக்கும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். மகிழ்ச்சி. படிப்போடு சில மாதங்கள் மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப் செய்கிறார்கள். அது அவர்களை வேலைக்குத் தயார் செய்கிறதா என்பதுதான் என் கேள்வி. பாதிதான் செய்கிறது என்பது என் கருத்து.

என் பழைய மாணவி ஒருத்தி பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்தாள். கலோரி, புரதம் கணக்குப் போடுவது, டியூப் வழியாகக் கொடுக்கும் உணவை அளப்பது, வார்டுக்குப் போகும் தட்டைச் சரிபார்ப்பது எல்லாம் அத்துப்படி. முதல் மாதமே டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர் ஒருவர் வந்தார். இளநீர், வாழைப்பழம் வேண்டாம், காய்களை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்று சரியாகவே சொன்னாள். ரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இதயத்துக்கே ஆபத்து. அவரும் தலையாட்டினார். அடுத்த பரிசோதனையிலும் பொட்டாசியம் இறங்கவில்லை. விசாரித்தால், வீட்டில் சமைப்பது மருமகள். அவருக்கு இந்த விஷயமே தெரியாது.

"சமைக்கிறது யாருன்னு கேக்கணும்னு எனக்கு யாருமே சொல்லித் தரல டீச்சர்" என்றாள். பயிற்சிக் காலத்தில் அவள் அதிகம் செய்தது டயட் சார்ட் எழுதும் வேலை. நோயாளியிடம் உட்கார்ந்து பேசியது மிகக் குறைவு.

நாங்கள் ஆசிரியர் பயிற்சியில் படித்தபோது பாடக்குறிப்பு எழுதினால் மட்டும் போதாது. வகுப்பில் நின்று நடத்த வேண்டும். பின் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்து கவனிப்பார். "கரும்பலகையைப் பார்த்தே பேசுகிறாய், பிள்ளைகளைப் பார்" என்று நோட்டில் எழுதிக் கொடுப்பார். அந்தக் குறிப்புகள்தான் எங்களை ஆசிரியராக்கின.

மருத்துவமனைகளில் கூட்டம் அதிகம், மூத்த டயட்டீஷியன்களுக்கு நேரம் இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பயிற்சி மாணவரிடமும் பத்து நோயாளிகளையாவது ஒப்படைக்கலாமே. சேர்ந்த நாள் முதல் வீட்டுக்குப் போய் மறுபடி வரும்வரை அவரே கவனிக்கட்டும். சமைப்பவரையும் அழைத்துப் பேசட்டும். ரேஷன் அரிசி வாங்கும் வீட்டுக்கு ஓட்ஸ் எழுதிக் கொடுத்து என்ன பயன் என்பது அப்போது தானாகப் புரியும். வாரம் ஒருமுறை மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, திருத்தினால் போதும்.

2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான ஆணையச் சட்டத்தில் உணவியலாளர்களும் வருகிறார்கள். பயிற்சி எத்தனை மாதம் என்பதோடு, அதில் என்ன நடக்க வேண்டும் என்பதையும் அந்த ஆணையம் தெளிவாக வரையறுக்க வேண்டும்.

உங்களில் மருத்துவமனைகளில் பொறுப்பில் இருப்பவர்கள் பலர். உங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளையை நாளைக்கு ஒரு நோயாளியின் முன் உட்கார வையுங்கள். நீங்களும் பக்கத்தில் இருங்கள். டீச்சர் கேட்டுக்கொள்வது அவ்வளவுதான்.