மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ள முடியாது: இரு திட்டங்களின் இணைப்பு குறித்த எங்கள் நிலைப்பாடு

இரண்டு திட்டங்களையும் ஒரே தொகுப்பாக வெளியிடும் தீர்மானம் ஏன் ஒத்திவைக்கப்பட்டது என்பது உறுப்பினர்களுக்குத் தெரியும். ஒன்று குனு பொது உரிமத்தின் (ஜிபிஎல்) இரண்டாம் பதிப்பில் மட்டும் வந்த நிரல், மற்றது அப்பாச்சி 2.0 உரிமத்தில் வந்தது. இரண்டும் கட்டற்ற உரிமங்கள்தானே என்கிறார்கள். உண்மைதான். ஆனால் தன் நிபந்தனைகளுக்கு மேல் புதுக் கட்டுப்பாடு எதையும் சேர்க்க ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு இடம் தருவதில்லை. பேட்டன்ட் வழக்குத் தொடுப்பவர் பேட்டன்ட் உரிமத்தை இழப்பார் என்கிறது அப்பாச்சி உரிமம். இது அப்படியொரு கூடுதல் கட்டுப்பாடு; ஆகவே இந்த இரு உரிமங்களும் ஒன்றோடொன்று பொருந்தா என்பதே கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் கருத்து. “அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு” என்று ஜிபிஎல் நிரலில் எழுதப்பட்டிருந்தால், 2007இல் வந்த மூன்றாம் பதிப்பின்கீழ் இணைத்துவிடலாம். இங்கே அப்படி எழுதப்படவில்லை. ஆகவே எழுதியவர்களின் அனுமதி வேண்டும்.

மின்னஞ்சல் அனுப்புவோம், பதில் தராதவர் சம்மதித்ததாகக் கொள்வோம் என்ற யோசனையை எங்களால் ஏற்க இயலவில்லை. 2017இல் ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டம் உரிமத்தை மாற்ற முனைந்தபோது இதே வழியில் கடிதம் அனுப்பியது. ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் நிறுவனர் தேயோ டி ராட் வெளிப்படையாக எதிர்த்தார். அவர் எதிர்த்ததில் நியாயம் இருக்கிறது. நம் நிரலை ஒரு நிறுவனம் கேட்காமல் எடுத்து, “நீங்கள் மறுக்கவில்லையே” என்று சொன்னால் நாம் சும்மா இருப்போமா? ஊதியமின்றி இரவெல்லாம் உட்கார்ந்து எழுதியவருக்கு மிஞ்சியிருப்பது தன் உரிமத்தின் நிபந்தனை ஒன்றுதான். அதையும் அவருக்குத் தெரியாமலே மாற்றுவது, எந்தப் பெயரிட்டு அழைத்தாலும், பறிப்பதுதான். வேறு வழி இல்லாமலும் இல்லை. விஎல்சி மீடியா பிளேயர் குழு 2011, 2012இல் தன் நிரலின் பெரும்பகுதியை எல்ஜிபிஎல் என்னும் தளர்ந்த உரிமத்துக்கு மாற்றியபோது பங்களிப்பாளர்களைத் தேடிப் பிடித்து ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் கேட்டது.

பழைய பங்களிப்பாளர் சிலரைக் கண்டுபிடிக்கவே முடியாது என்ற மறுப்பில் நியாயம் உண்டு. அவர்களின் பகுதியை நீக்கிவிட்டுப் புதிதாக எழுத வேண்டும்; காலம் பிடிக்கும், பிடிக்கட்டும். வழக்கு யார் போடப் போகிறார்கள் என்ற கேள்விக்கு, ஜிபிஎல் இரண்டாம் பதிப்பை மீறினால் விநியோக உரிமை தானாகவே முடிந்துவிடும் என்பதே பதில். திறமூல உரிமத்தின் நிபந்தனைகளைப் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் வலியுறுத்தலாம் என்று 2008இல் ஜேக்கப்சன் எதிர் காட்சர் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. எழுதியவர்களின் பெயர்களை நீக்கியதும் அந்த வழக்கின் புகார்களில் ஒன்று.

இரண்டு நிரல்களும் தனித்தனியாக இயங்கி, கட்டளை வரி வழியாக மட்டும் பேசிக்கொள்ளுமானால், பொதுவாக எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. டைனமிக் லிங்கிங் (இயங்கும்போது இணைத்தல்) குறித்து செயற்குழுவில் ஒருமித்த கருத்து உருவாகவில்லை; அதை இப்போதைக்குத் திறந்தே வைக்கிறோம். பதிப்புரிமைக் குறிப்புகளும் அப்பாச்சி நிரலின் நோட்டீஸ் கோப்பும் எந்த வடிவத்திலும் அகற்றப்படக் கூடாது.

எழுத்து மூலம் “சரி” என்று சொன்னவர்களின் நிரல் மட்டுமே இணையும். உங்கள் பங்களிப்பு இதில் இருந்தால், ஒப்புதலோ மறுப்போ, தயவுசெய்து எழுத்தில் தெரிவியுங்கள்.