பூசாத இடம்

மரவேலை அறியாத ஒருவன், ஒரு வாத்தியத்தைத் தன் கையாலேயே செய்து முடித்துவிடலாம் என்று துணிந்தால், அந்தத் துணிவுக்கு உரிய தண்டனை அறுக்கும்போதோ ஒட்டும்போதோ கிடைப்பதில்லை. பூச்சு வேலையில்தான் கிடைக்கிறது. நான்கு மாத காலம் மாடி அறையில் பிளைவுட் பலகையும் பசையுமாக உழன்று, ஒரு ரெசனேட்டர் கிதாரின் உடலை ஒருவாறு உருவாக்கி நிறுத்திய நான், வந்து பார்த்தவர்களிடமெல்லாம் "பூச்சு மட்டும்தான் பாக்கி" என்று பெருமிதத்தோடு சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாணத்தில் தாலி மட்டும்தான் பாக்கி என்று சொல்வதற்கு ஒப்பானது அது என்பதை அறிய எனக்கு மேலும் மூன்று மாதங்கள் பிடித்தன.

இந்த வாத்தியத்தைப் பார்த்திராத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. சாதாரணக் கிதாரில் தந்தியின் அதிர்வை வாங்கிக் காற்றுக்குக் கொடுப்பது மேற்பலகை. ரெசனேட்டர் கிதாரிலோ, மேற்பலகையில் பெரிய வட்டமாக ஒரு துவாரம் வெட்டி, உள்ளே காகிதம் போன்ற மெல்லிய அலுமினியக் கூம்பு ஒன்றை உட்காரவைத்து, தந்திகள் ஏறி நிற்கும் குதிரையை அந்தக் கூம்பின் தலையிலேயே நிறுத்திவிடுகிறார்கள். கூம்புக்கு அடிபடாமலிருக்க, துளைகள் இட்ட ஓர் உலோகத் தகடு மேலே மூடுகிறது. ஒலிபெருக்கிக்குள் இருக்கும் கூம்பு மின்சாரத்தால் செய்யும் காரியத்தை, இது வெறும் விரலசைவால் செய்கிறது.

ஹவாய் முறையில் கிதார் வாசித்து அமெரிக்க மேடைகளில் பிழைத்துவந்த ஜார்ஜ் பீச்சம் என்பவருக்கு, பித்தளை வாத்தியங்களின் ஆரவாரத்தில் தம்முடைய வாசிப்பு மூழ்கிப்போவது தீராத மனக்குறையாக இருந்தது. ஸ்லோவாக்கியாவிலிருந்து சிறுவயதில் குடியேறி, லாஸ் ஏஞ்சல்ஸில் வாத்தியப் பட்டறை நடத்திவந்த ஜான் டோப்யேராவிடம் அவர் அந்தக் குறையைச் சொல்லப்போக, 1927-ஆம் ஆண்டில் மூன்று கூம்புகள் கொண்ட உலோகக் கிதார் நேஷனல் கம்பெனியின் பெயரில் விற்பனைக்கு வந்தது. பிற்பாடு மனஸ்தாபம் உண்டாகி டோப்யேரா பிரிந்துபோய், சகோதரர்களோடு சேர்ந்து ஆரம்பித்த தொழிலுக்குக் குடும்பப் பெயரைச் சுருக்கி 'டோப்ரோ' என்று பெயரிட்டார். அவர்கள் தாய்மொழியில் அச்சொல்லுக்கு 'நல்லது' என்றும் பொருள். மடியில் கிடத்தி, உருக்குத் துண்டு ஒன்றைத் தந்திகளின் மீது வழுக்கவிட்டு வாசிக்கும் அந்த ஹவாய் பாணி, கோட்டுவாத்தியம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்நியமாகப் படுவதில்லை. எனக்கு இதன் மீது மோகம் பிறந்ததற்குக் காரணமும் அதுதான்.

நேஷனல் கம்பெனியார் விலையின் ஏற்றத்தாழ்வை நிர்ணயித்த விதம் ரசமானது. உயர்ந்த ரகங்களின் உடல், நிக்கல் முலாம் பூசிய ஜெர்மன் சில்வர். நம் வீடுகளில் தட்டுகளாகவும் டம்ளர்களாகவும் புழங்கிய அதே உலோகம்தான். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த அந்தக் கலவையில் பெயரைத் தவிர வெள்ளி ஒரு குன்றிமணியும் கிடையாது. அதன் மேல் காட்டு ரோஜாவைச் செதுக்கினால் ஒரு விலை, லில்லி மலரைச் செதுக்கினால் அதற்கு மேல் ஒரு விலை, சாமந்தியைச் செதுக்கினால் உச்ச விலை. இவற்றுக்கெல்லாம் கடைசிப் படியில், பொருளாதார மந்தம் தலைவிரித்தாடிய காலத்தில், 32 டாலர் 50 சென்டுக்கு விற்றது 'டுவோலியன்' என்ற ரகம். இரும்புத் தகட்டு உடலுக்கு முலாமும் இல்லை, மலரும் இல்லை. காயும்போதே கண்ணாடியில் உறைபனி படர்ந்தது போலப் பொரிந்து நிற்கும் டியூகோ பெயிண்டு மட்டும் உண்டு. அந்த டியூகோ, டூபான்ட் கம்பெனியார் 1920-களில் மோட்டார் கார்களுக்கென்று கொண்டுவந்த சரக்கு. நம் ஊர்க் கார்ப் பட்டறைகளில் அந்தப் பெயர் இன்னமும் வழங்கிவருகிறது. ஆயினும் மிஸிஸிப்பியின் ஏழைப் பாடகரான புக்கா வைட் போன்றவர்களின் கையில், மலர் செதுக்கிய சீமான்களுக்குச் சற்றும் இளைக்காமல் பாடியது அந்த மலிவுச் சரக்குதான்.

இந்த சரித்திரத்தைப் படித்ததன் பலனாக எனக்கு ஒரு விபரீத ஞானம் உண்டாயிற்று. வயலினுக்கு வார்னிஷ் தடித்துவிட்டால் நாதம் மங்கும் என்று வித்வான்கள் கவலைப்படுவது நியாயம். அங்கே மரம் பேசுகிறது. இங்கே பேசுவது கூம்பு அல்லவா? உடல் அதைத் தாங்கும் பெட்டிதானே? ஆகவே பூச்சு கண்ணுக்கு மட்டுமே உரிய விஷயம், எங்கே பூசினாலும் எவ்வளவு பூசினாலும் பாதகமில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன். இந்தத் தீர்மானத்தின் முக்கால் பங்கு சரி. மிச்சக் கால் பங்குதான் என்னைப் படுத்தியது.

எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் ஆசாரி ஒருவர், அறுபது வயதைத் தாண்டியவர், என் பிரயத்தனத்தை நாள்தோறும் ஓர் அனுதாபத்தோடு பார்த்துவிட்டுப் போவார். நான் டியூகோவைப் பற்றிச் சொன்னபோது, "அது காருக்கு சார். தேக்கு முகம் ஒட்டின பலகையை வாங்கிட்டு அது மேலே பெயிண்டை அடிச்சு மூடுவாங்களா?" என்றார். அவலரக்கு பாலிஷ்தான் தகும் என்பது அவர் தீர்ப்பு. அவலரக்கு என்று யார் பெயரிட்டார்களோ, அவர்களை வணங்கத் தோன்றுகிறது. புரசு, இலந்தை முதலிய மரங்களின் கொம்புகளில் சிறு பூச்சி சுரக்கும் அரக்கை உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து நொறுக்கினால், தட்டிய அவல் போலவேதான் இருக்கிறது. நிறம் மட்டும் தேன். அந்தக் கால கிராமபோன் தட்டுகளும் இந்த அரக்கைக் கொண்டே வார்க்கப்பட்டன. ஹவாய் கிதாரின் நாதத்தைக் கடல் கடந்து நம் கூடங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்ததே ஒரு பூச்சியின் எச்சில்தான் என்று எண்ணும்போது, அதையே கிதாரின் மேனிக்கும் பூசுவதில் ஓர் உரிமை இருப்பதாகப் பட்டது.

முதலில் உப்புத்தாள். 120-ஆம் நம்பரில் ஆரம்பித்து, 180, 220, 320 என்று படிப்படியாக, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்கவேண்டும். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் அந்தக் கீறல் பிறகு காட்டிக்கொடுக்கும். "பார்த்து சார், மேலே இருக்கிற தேக்கு காகிதம் கனம்தான். நீங்க தேய்க்கிற தேய்ப்புக்கு உள்ளே இருக்கிற கட்டை எட்டிப் பார்த்துடும்" என்று ஆசாரி எச்சரித்த மறுநாளே, இடுப்பு வளைவில் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு அது எட்டிப் பார்த்தது. கண்ணுக்கு வழுவழுவென்று தோன்றிய பலகையை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, மின்விளக்கைச் சாய்வாகப் பிடித்து அவர் காட்டியபோது, அதன் மேல் நான் போட்டிருந்த கோடுகள் உழுத வயல் போலத் தெரிந்தன.

பிறகு பாலிஷ். பஞ்சை உள்ளே வைத்து மடித்த பழைய வேட்டித் துணியால், ஒரு துளி எண்ணெய் தொட்டுக்கொண்டு, கை ஓரிடத்தில் நில்லாமல் வட்டம் வட்டமாகப் போய்க்கொண்டே இருக்கவேண்டும். நின்ற இடத்தில் துணி ஒட்டிக்கொண்டு, முன் பூசியதையும் பெயர்த்துவிடும். ஒவ்வொரு பூச்சும் தனக்கு முந்திய பூச்சைச் சிறிது கரைத்து அதனோடு ஒன்றாகிவிடுவது அரக்கின் விசேஷ குணம். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டதும், "ஓயட்டும் சார், ஈரத்திலே வேண்டாம்" என்றார் ஆசாரி. நான் கேட்கவில்லை. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துபோக, அந்தக் குளிர்ச்சியில் காற்றிலிருந்த ஈரம் படிந்து, விடிந்து பார்க்கையில் என் கிதார் விபூதி பூசிக்கொண்டிருந்தது. நல்லவேளையாக, வெயில் வந்த ஒரு நாளில் ஸ்பிரிட் தொட்ட துணியால் மெல்ல ஒற்றியதும் அது கலைந்தது.

மார்கழியில் எல்லாம் முடிந்தது. தேன் நிறத்தில் பளபளத்த உடலுக்குள் தபாலில் வந்த கூம்பை இறக்கி, தந்தி பூட்டி மீட்டினேன். தகர டப்பாவுக்குள் ஈ அகப்பட்டுக்கொண்டாற்போல ஓர் இரைச்சல். தந்திகளை மாற்றினேன், மூடித் தகட்டின் திருகுகளை முடுக்கினேன், குதிரையை அரத்தால் ராவினேன், ஈ போகவில்லை. மூன்றாம் நாள் ஆசாரியை அழைத்தேன். அவருக்கு சங்கீதம் தெரியாது. கூம்பை வெளியே எடுக்கச் சொல்லி, அதன் விளிம்பில் சாக்கட்டியைத் தேய்த்து, மறுபடி உள்ளே வைத்து அரை வட்டம் திருகி எடுத்தார். கூம்பு உட்காருவதற்காகத் துவாரத்தைச் சுற்றி நான் ஒட்டியிருந்த வட்டத் திண்ணை முழுதும் வெள்ளை படிந்திருக்கவேண்டும். ஓரிடத்தில் மட்டும் படிந்திருந்தது. அங்கே, எள்ளளவான ஒரு சொட்டு அரக்கு, வழிந்து உறைந்து கெட்டிப்பட்டுக் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத இடமும் அழகாக இருக்கட்டும் என்று, யாரும் கேட்காமலே நான் அந்தத் திண்ணைக்கும் நான்கு கை பூசியிருந்தேன்.

கழுத்து வந்து ஒட்டும் பொழிவாயில் மட்டும், "பாலிஷ் மேலே பசை பிடிக்காது" என்று ஆசாரி முன்னமே சொல்லியிருந்தபடியால், காகிதம் ஒட்டிக் காத்திருந்தேன். இந்த இடத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தட்டையான உளியைக் கவிழ்த்துப் பிடித்து, திண்ணையிலிருந்த பூச்சு முழுவதையும் வெண்மரம் தெரியும்வரை அவர் சுரண்டி எடுக்க, அரை மணி நேரம் ஆயிற்று. என் இரண்டு மாத உழைப்பு தேன் நிறத் தூளாக அவர் முழங்காலில் உதிர்ந்துகொண்டிருந்தது.

கூம்பை வைத்து மீட்டினேன்; ஈ பறந்துவிட்டிருந்தது. ஆனாலும் பூசிப் பழகிய கை சும்மா இருக்குமா? "ஆசாரியாரே, மழைக்காலத்தில் ஈரம் ஏறிவிடாதா? மெல்லிசாக ஒரே ஒரு கை பூசிவிடட்டுமா?" என்று கேட்டேன்.

உளியை வேட்டியில் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "அங்கே உட்கார வந்தவங்க உட்காரட்டும் சார். நீங்க ஏன் முந்திக்கிட்டு உட்கார்றீங்க?"